கம்பெனி பெயரில் இவர் பெயர் இல்லை... கொல்கத்தாவைக் கட்டிய இன்ஜினியர்! யார் இந்த ராஜேந்திரநாத் முகர்ஜி?

கொல்கத்தான்னு சொன்னதும் மனசுல வர்றது ரெண்டு படம். ஒண்ணு, வெள்ளைப் பளிங்கில் நிற்கிற விக்டோரியா நினைவு மண்டபம். இன்னொண்ணு, ஹூக்ளி ஆத்து மேல இருக்கிற ஹவுரா பாலம். மண்டபத்தைக் கட்டியது இவருடைய நிறுவனம். பாலத்துக்கான ஆரம்பகட்ட ஆய்வுக் குழுவுக்குத் தலைவர் இவர். ஆனா வங்காளத்துக்கு வெளியே எத்தனை பேருக்கு இவரைத் தெரியும்?

1854-ல், வங்காளத்தின் பசீர்ஹாட் பக்கம் உள்ள பாப்லா கிராமத்தில் பிறந்தார் ராஜேந்திரநாத் முகர்ஜி. ஆறு வயசுல அப்பா இறந்துட்டார். வளர்த்தது அம்மாதான். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பொறியியல் படிக்கப் போனவர், பட்டம் வாங்காமலேயே வெளியே வந்தார்.

திருப்பம் வந்தது பிராட்ஃபோர்ட் லெஸ்லி என்ற ஆங்கிலேய இன்ஜினியர் மூலமா. கல்கத்தாவுக்குக் குடிநீர் தரும் பால்டா நீரேற்று நிலையத்தில் இவருக்கு ஒரு ஒப்பந்த வேலை கிடைத்தது. அதைச் சரியா முடிச்சுக் கொடுத்ததில் பெயர் கிடைச்சது. அடுத்து ஆக்வின் மார்ட்டின் என்ற ஆங்கிலேயருடன் கூட்டு சேர்ந்தார். 1892-ல் 'மார்ட்டின் அண்ட் கோ' பிறந்தது.

கூட்டாளிகள் ரெண்டு பேர், பலகையில் இருந்ததோ ஒருத்தர் பெயர்தான். அரசாங்க டெண்டர்களை வெள்ளைக்கார அதிகாரிகள் முடிவு செய்த காலம் அது. பெயரை விட்டுக்கொடுத்து வேலையைப் பிடிச்சார்னு சொன்னா தப்பில்லை. ஆக்ரா, லக்னோ, பனாரஸ்னு வட இந்திய நகரங்களின் குடிநீர்த் திட்டங்கள் இந்த நிறுவனத்தின் கைக்கு வந்தன.

அப்புறம் ரயில். பெரிய ரயில்வே எட்டிப் பார்க்காத ஊர்களுக்குக் குறுகிய பாதையில் 'மார்ட்டின் ரயில்' ஓடியது. ஹவுரா - ஆம்தா பாதை 1897-ல் தொடங்கி 1971 வரை ஓடியது. இன்னொரு பாதை பாராசாத்திலிருந்து பசீர்ஹாட்டுக்கு, அதாவது அவரோட சொந்த ஊர்ப் பக்கத்துக்கே போச்சு!

விக்டோரியா மண்டபத்துக்கு 1906-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. வடிவமைச்சவர் வில்லியம் எமர்சன். பளிங்கு வந்தது ராஜஸ்தானின் மக்ரானாவிலிருந்து. நடுவுல உலகப் போரும் வந்துட்டுப் போக, திறப்பு விழா நடந்தப்போ 1921 டிசம்பர் ஆயிடுச்சு. ஆங்கிலேய மகாராணிக்கு எழுப்பின நினைவுச் சின்னத்தைக் கட்டியது ஒரு வங்காளி நடத்திய கம்பெனி. அதுக்கு முன்பே, 1911-ல், அவருக்கு 'சர்' பட்டம் கிடைச்சிருந்தது. 1916-ல் அமைந்த இந்தியத் தொழில் கமிஷனில் மதன் மோகன் மாளவியா, தோராப்ஜி டாடாவோட இவரும் உறுப்பினர். பட்டம் வாங்காத இதே மனிதர்தான் 1921-ல் இந்திய அறிவியல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1931-ல் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொடங்கப்பட்டப்போ அதன் முதல் தலைவரும் இவரே.

ஹவுரா பாலத்தின் கதை கொஞ்சம் விசித்திரமானது. 1874 முதல் அங்கே இருந்தது மிதவைப் பாலம். கப்பல் போகணும்னா நடுப்பகுதியைக் கழட்டி வழி விடணும், அதுவரைக்கும் வண்டிகள் காத்துக் கிடக்கணும். அதை வடிவமைச்சவர் வேற யாரும் இல்லை, இவருக்கு முதல் வேலை கொடுத்த அதே லெஸ்லிதான்! அதுக்குப் பதிலா என்ன கட்டலாம்னு ஆராய 1921-ல் அமைந்த நிபுணர் குழு, தலைவரின் பெயரால் 'முகர்ஜி கமிட்டி' என்றே அழைக்கப்பட்டது. கம்பெனிப் பலகையில் ஏறாத பெயர் இங்கே ஏறிடுச்சு.

ஆனா வேலை இழுத்துக்கிட்டே போச்சு. 1926-ல் சட்டம் வந்தது. அப்புறம் இன்னொரு கமிட்டி, மறுபடி வடிவ மாற்றம். கட்டுமானம் தொடங்கியது 1936-ல். அதே வருஷம் மே மாதம், 81 வயதில் ராஜேந்திரநாத் காலமானார். புதிய பாலம் திறக்கப்பட்டது 1943 பிப்ரவரியில்.