எழுத்துகளுக்கு வேர் தேடிய சூ ஷென்

பல்கலைக்கழகத்தில் மாண்டரின் மொழியை விருப்பப் பாடமாக எடுத்தேன். மரத்தைக் குறிக்கும் எழுத்தை இரண்டு முறை எழுதினால் தோப்பு, மூன்று முறை எழுதினால் காடு என்று முதல் வாரம் ஆசிரியை எழுதிக் காட்டினார். சீனம் இவ்வளவுதானா என்று துள்ளினேன். அடுத்த வாரமே அம்மா என்னும் எழுத்துக்குள் பெண்ணின் பக்கத்தில் ஒரு குதிரை நின்றது! பிறகுதான் விளங்கியது, அந்தக் குதிரை பொருளுக்காக வரவில்லை, 'மா' என்னும் ஒலிக்காக வந்திருக்கிறது. இப்படி எழுத்துகள் உருவாகும் வழிகள் ஆறு என்பர். அவற்றின் பெயர்கள் முன்பே வழங்கினாலும், ஒவ்வொன்றுக்கும் விளக்கமும் எடுத்துக்காட்டும் தந்தவர் சூ ஷென்.

இவர் கிழக்கு ஹான் ஆட்சிக் காலத்தில், கி.பி. முதல் நூற்றாண்டில், இன்றைய ஹெனான் மாநிலத்து லுவோஹெ பகுதியில் பிறந்தவர். ஜியா குய் என்னும் பேரறிஞரின் மாணவர். அரச வரலாற்றில் அவருக்குக் கிடைத்த இடம் சில வரிகளே. அவர் காலத்தில், அலுவலக எழுத்தர்களின் கைவேகத்தில் பழைய வடிவங்கள் உருமாறியிருந்தன. மாறிய வடிவத்தை உடைத்துப் பார்த்து ஆளுக்கொரு பொருள் சொன்னார்கள். நீதித்துறை அதிகாரிகள்கூடச் சட்டச் சொற்களுக்கு இப்படியே பொருள் கண்டார்கள் என்று சூ ஷென் தம் நூலின் பின்னுரையில் குறைபட்டிருக்கிறார். எழுத்தைப் பிரிக்கும் விதம் ஒருவனின் தலையெழுத்தையே மாற்றிவிடும் நிலை!

அதனால் அவர் பழைய முத்திரை எழுத்து வடிவங்களுக்குத் திரும்பினார். 9,353 எழுத்துகளை 540 தலைப்புகளில் அடுக்கினார். நீர் தொடர்பானவை ஓரிடத்தில், மரம் தொடர்பானவை வேறோர் இடத்தில். அகர வரிசை இல்லாத மொழிக்கு அகராதி செய்ய அவர் கண்ட வழி இது. இன்றும் சீன அகராதியைப் புரட்டும் மாணவன் இந்த வழியில் நடப்பதுண்டு; தலைப்புகள் மட்டும் குறைந்துள்ளன. 'ஷுவோவென் ஜியேசி' என்னும் அந்நூலை கி.பி. 100இல் எழுதி முடித்தார். 121இல் அவர் நோயுற்றிருந்தபோது மகன் சூ சொங் அதை அரசவைக்கு எடுத்துச் சென்றார். கிடைத்த பரிசு 40 சுருள் துணி.

அவர் தவறாகச் சொன்னவையும் உண்டு. செய்தல் என்னும் பொருளுடைய எழுத்தை அவர் ஒரு குரங்கின் உருவம் என்றார். ஆனால் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய வடிவத்தில், ஒரு கை யானையை நடத்திச் செல்கிறது. அந்த வடிவங்கள் பொறித்த ஆமையோடுகளையும் எலும்புகளையும் 1899இல்தான் வாங் யிரோங் என்னும் அறிஞர் பழைய எழுத்துகள் என்று அடையாளம் கண்டார். பாவம், சூ ஷென் அவற்றைப் பார்த்ததே இல்லை. இதைப் படித்த பிறகு எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. அந்த எலும்புகள் கிடைத்த ஆன்யாங்கும் அதே ஹெனானில்தான் இருக்கிறது. அவர் குரங்கு என்று எழுதிய நாளிலும், அவர் ஊருக்கு வடக்கே மண்ணுக்கடியில் அந்த யானை கிடந்தது.