8 ஆண்டு போராடி நர்ஸ் ஆனவர், 3 ஆண்டில் வார்டை விட்டது ஏன்? - ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் கதை

மே 12 வந்தால் போதும், மருத்துவமனைகளில் கேக் வெட்டுவார்கள், நர்ஸிங் மாணவிகள் விளக்கேந்தி உறுதிமொழி எடுப்பார்கள். ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலின் பிறந்தநாளைத்தான் உலகம் செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறது. ஆனால் இவர் நோயாளிகளின் பக்கத்தில் நின்று வேலை பார்த்தது மொத்தமே 3 ஆண்டுகள்தான். ஆச்சரியமா இருக்கா? இந்த வேலைக்கு ஏன் வந்தார், ஏன் விலகினார்? விரிவாகப் பார்க்கலாம்.

பெரிய இடத்துப் பொண்ணு

1820 மே 12-ல் இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் நகரில் பிறந்தார். ஊர் பெயரையே குழந்தைக்கு வைத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 2 மாளிகைகள் வைத்திருந்த பணக்காரக் குடும்பம். கிரேக்கம், லத்தீன், கணக்கு எல்லாம் அப்பாவே சொல்லிக்கொடுத்தார்.

1837-ல், 16 வயதில், கடவுள் தன்னைச் சேவைக்கு அழைத்ததாக டைரியில் குறித்துவைத்தார். அது என்ன சேவை என்பது புரியவே சில ஆண்டுகள் ஆனது.

நர்ஸ் வேலையா? கூடவே கூடாது!

1845-ல் சாலிஸ்பரி மருத்துவமனையில் பயிற்சிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் ஒரே ரகளை. காரணம் இருந்தது. அன்றைக்கு நர்ஸ் என்றால் வேறு வேலை கிடைக்காத ஏழைப் பெண்கள் செய்யும் வேலை. பயிற்சி கிடையாது, சம்பளம் சொற்பம், குடிப்பழக்கம் உள்ளவர்கள் என்ற கெட்ட பெயர் வேறு.

தேடிவந்த நல்ல வரனையும் வேண்டாம் என்றார். 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் சுமார் 3 மாதம் பயிற்சி எடுத்தார். 1853-ல் லண்டன் ஹார்லி ஸ்ட்ரீட்டில், நோயுற்ற பெண்களுக்கான இல்லத்தின் கண்காணிப்பாளர் ஆனார். சம்பளம் இல்லாத வேலை. செலவுக்கு அப்பா ஆண்டுக்கு 500 பவுண்டு கொடுத்தார். ஆசைப்பட்ட வேலைக்குப் போக 8 ஆண்டுகள் ஆகியிருந்தன.

38 பேர்... ஆளுக்கொரு காரணம்

1854-ல் கிரிமியா போர். காயமடைந்த வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடப்பதாகப் பத்திரிகையில் செய்தி வர, இங்கிலாந்தே கொதித்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட் கேட்டுக்கொண்டபடி, 38 பெண்களுடன் நவம்பரில் துருக்கியின் ஸ்குடாரி போய்ச் சேர்ந்தார்.

இந்த 38 பேரில் 24 பேர் மத அமைப்புகளைச் சேர்ந்தவர்கள், நம்பிக்கையால் வந்தவர்கள். மற்ற 14 பேர் மருத்துவமனை நர்ஸ்கள், வயிற்றுப்பாட்டுக்காக இந்த வேலை பார்த்தவர்கள். போன இடத்தில் சிலர் குடித்ததால் திருப்பி அனுப்பப்பட்டனர். சிலர் கல்யாணம் செய்துகொண்டு விலகினர். சிலர் நோயில் இறந்தும் போனார்கள். வருவதற்கும் போவதற்கும் ஆளுக்கொரு காரணம் என்பது அன்றே அப்படித்தான்.

விளக்கு மட்டும் காப்பாற்றியதா?

இல்லை. இவர் போன பிறகும் சாவு குறையவில்லை. 1855 பிப்ரவரியில் இறப்பு விகிதம் சுமார் 42 சதவீதம். மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு சாக்கடையைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்தைச் சரிசெய்தது. ஜூனில் இறப்பு 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது.

ஊர் திரும்பிய பிறகு, புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் கணக்குப் போட்டபோதுதான் முழு உண்மையும் உறைத்தது. குண்டடியைவிட நோயே அதிகம் பேரைக் கொன்றிருந்தது. எவ்வளவு அன்பாகக் கவனித்தாலும், கட்டடமே நோயைப் பரப்பினால் நர்ஸால் என்ன செய்ய முடியும்?

அப்புறம் ஏன் விலகினார்?

1855 மே மாதம் கிரிமியாவில் கடும் காய்ச்சலில் விழுந்து சாவின் விளிம்புவரை போய்வந்தார். அது புருசெல்லோசிஸ் என்ற தொற்றாக இருக்கலாம் என்கிறார்கள் பிற்கால மருத்துவர்கள். 1856 ஆகஸ்டில் வரவேற்பு எதுவும் வேண்டாம் என்று மிஸ் ஸ்மித் என்ற பெயரில் வீடு திரும்பினார். 1857-ல் உடல் முற்றிலும் ஒடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் படுக்கைதான், திரும்ப வார்டுக்குப் போகவே இல்லை.

ஆனால் தொழிலை விடவில்லை. படுக்கையில் இருந்தபடியே அறிக்கைகள், வரைபடங்கள், ஆயிரக்கணக்கில் கடிதங்கள் என எழுதித் தள்ளினார். 1860-ல் மக்கள் நன்கொடையில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்ஸிங் பள்ளி தொடங்கப்பட்டது. மாணவிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி. தங்க இடம், சாப்பாடு, சீருடையுடன் ஆண்டுக்கு 10 பவுண்டும் உண்டு. மானமாகப் பிழைக்கலாம் என்ற நிலை வந்ததும், அதுவரை தயங்கிய குடும்பங்களின் பெண்களும் வந்தார்கள்.

சர்ச்சை என்ன?

1887-க்குப் பிறகு, மருத்துவர்களைப் போல நர்ஸ்களையும் தேர்வு வைத்துப் பதிவு செய்ய வேண்டும் என்று பிரிட்டன் நர்ஸ்கள் கேட்டார்கள். இதை நைட்டிங்கேல் கடுமையாக எதிர்த்தார். நல்ல குணத்தைத் தேர்வால் அளக்க முடியாது என்பது அவர் வாதம். பதிவு இல்லாவிட்டால் பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் என்ன வித்தியாசம் என்பது நர்ஸ்கள் தரப்பு நியாயம். அவர் மறைந்து 9 ஆண்டுகள் கழித்து, 1919-ல்தான் சட்டம் வந்தது.

யோசித்துப் பார்த்தால், சம்பளம் இல்லாமலே வேலை பார்க்கும் வசதி அவருக்கு இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. சேவை என்ற சொல்லைச் சொல்லியே ஊதிய உயர்வையும் ஓய்வையும் தள்ளிப்போடுவது இன்றும் நடக்கிறதே!

1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யும் வாய்ப்பைக் குடும்பம் மறுத்தது. சொந்த ஊர்க் கல்லறையில் முழுப்பெயர்கூட இல்லை, முதலெழுத்துகள் மட்டும்தான்.

கூடுதலாக ஒரு தகவல்: அவர் பெயரில் மாணவிகள் எடுக்கும் உறுதிமொழியை அவர் எழுதவில்லை. அது 1893-ல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. அவர் எழுதியதெல்லாம் சாக்கடை, ஜன்னல், சுத்தமான தண்ணீர், நர்ஸ் தங்கும் அறை பற்றித்தான். நல்ல நர்ஸ் நிலைத்து நிற்க அவையும் வேண்டும் என்பதை அனுபவத்தில் கற்றவர் அவர்.