'சேஃப்டி ஃபர்ஸ்ட்' போர்டுக்குப் பின்னால் இருப்பவர் யார்? ரயில் பெட்டியை வகுப்பறையாக்கிய ஜோசப் ஹோம்ஸின் கதை

மெட்ரோ ரயில் பணி நடக்கும் சாலை, கார் தொழிற்சாலையின் நுழைவாயில், அப்பார்ட்மென்ட் கட்டும் இடம் என எங்கே போனாலும் 'சேஃப்டி ஃபர்ஸ்ட்' போர்டு கண்ணில் படும். வேலைக்குச் சேரும் முதல் நாள் ஒரு பிபிடி ஓடும். கடைசி ஸ்லைடு முடிந்ததும் ஒரு கையெழுத்து. அவ்வளவுதான், பாதுகாப்புப் பயிற்சி முடிஞ்சது!

ஆனா, அந்த இரண்டு வார்த்தைகளை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோன மனிதர் அப்படி நினைக்கவில்லை. வாசகத்தை அவர் கண்டுபிடிக்கவும் இல்லை. அவருக்கு முன்பே சில எஃகு ஆலைகளில் அது புழங்கியது. சுரங்கத் தொழிலாளியிடம் அதைக் கொண்டுபோக அவர் எடுத்துக்கொண்ட வழிதான் புதுசு. போர்டு மாட்டுவதோடு நிற்காமல், வகுப்பறையையே ரயிலில் ஏற்றி சுரங்கத்தின் வாசலுக்கு அனுப்பினார்.

அவர் பெயர் ஜோசப் ஆஸ்டின் ஹோம்ஸ். அமெரிக்க சுரங்கப் பணியகத்தின் முதல் இயக்குநர்.

யார் இந்த ஹோம்ஸ்?

1859 நவம்பரில் தென் கரோலினா மாநிலத்தின் லாரன்ஸ் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். அப்பா கிறிஸ்தவ போதகர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1881-ல் பட்டம் வாங்கியதும், வட கரோலினா பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியர் ஆனார். 1891-ல் அந்த மாநிலத்தின் நிலவியலாளர் பதவி கிடைத்தது.

1904-ல் செயின்ட் லூயிஸ் நகரில் உலகக் கண்காட்சி நடந்தது. அதில் சுரங்கம் மற்றும் உலோகத் துறைக்கு ஹோம்ஸ்தான் தலைவர். எந்த நிலக்கரி எப்படி எரிகிறது என்று அரசு அங்கே சோதனைகள் நடத்தியது. அந்தப் பணி வளர்ந்து, மத்திய நிலவியல் ஆய்வு அமைப்பின் தொழில்நுட்பப் பிரிவாக மாறியது. அதன் பொறுப்பும் ஹோம்ஸிடம் வந்தது.

அதுவரை அவர் வேலை பாறையையும் நிலக்கரியையும் பற்றியது. அதை வெட்டி எடுக்கும் மனிதர்களின் பக்கம் அவரைத் திருப்பியது 1907.

ஒரே மாதம், சுமார் 700 உயிர்கள்

1907 டிசம்பர் 6. மேற்கு வர்ஜீனியாவின் மோனங்கா சுரங்கத்தில் பயங்கர வெடிப்பு. 360-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, டிசம்பர் 19-ல் பென்சில்வேனியாவின் டார் சுரங்கத்தில் 239 பேர் பலி. அந்த ஒரு மாதத்தில் மட்டும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் சுமார் 700 பேர் உயிரிழந்தனர். ஆண்டு முழுக்கக் கணக்கெடுத்தால் 3,200-க்கும் மேல்.

இறந்தவர்களில் பலர் இத்தாலி, போலந்து, ஹங்கேரி போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். ஊரில் விவசாயம் பார்த்தவர்கள், இங்கே வந்து சுரங்கத்தில் இறங்கினார்கள். ஆங்கிலம் தெரியாது.

அப்போ பயிற்சியே இல்லையா?

இருந்தது. புதிதாக வருபவர் ஒரு பழைய ஆளுடன் சேர்ந்து வேலை செய்வார். அப்பாவிடமிருந்து மகன், அண்ணனிடமிருந்து தம்பி என்று தொழில் கைமாறியது.

சிக்கல் அங்கேதான். பழைய ஆளுக்குத் தெரிந்தது புதியவருக்கு வரும், சரிதான். பழைய ஆளின் தப்பான பழக்கமும் கூடவே வருமே! கூலி பெரும்பாலும் வெட்டிய நிலக்கரியின் எடைக்குத்தான். கூரை சரியாமல் இருக்க மரத்தூண் நிறுத்தும் நேரத்துக்குப் பல இடங்களில் காசு கிடையாது. அதனால் தூணைப் பிறகு பார்த்துக்கலாம் என்று தள்ளிப்போடுவதும் தொழிலின் ஒரு பகுதியாகவே கைமாறியது. பார்த்துப் பார்த்துக் கற்பதில் இந்த ஆபத்து இருக்கிறது. சரியாகச் சொல்லித்தர ஒருவர் இல்லாவிட்டால், தப்பும் பாடமாகிவிடும்.

1909 நவம்பர் 13-ல் இல்லினாய் மாநிலத்தின் செர்ரி சுரங்கத்தில் நடந்தது இதற்கு இன்னொரு உதாரணம். மின்விளக்குகள் பழுது என்பதால் மண்ணெண்ணெய் விளக்குகள் வைத்திருந்தார்கள். கோவேறு கழுதைகளுக்குக் கொண்டுவந்த வைக்கோல் வண்டியில் தீப்பிடித்தது. சின்னத் தீதானே என்று ஆரம்பத்தில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தீ பரவியதும், 12 பேர் தாமாக முன்வந்து கூண்டில் இறங்கி, பலரை மேலே கொண்டுவந்தார்கள். பலமுறை போய் வந்த அவர்கள், கடைசி முறை இறங்கியபோது மணி அடித்துக் கொடுத்த சிக்னல் மேலே இருந்தவருக்குக் குழப்பமாக இருந்தது. கூண்டு தாமதமாக மேலே வந்தது. 12 பேரும் கருகி இறந்திருந்தார்கள். மொத்தம் 259 உயிர்கள்.

தைரியத்துக்கு அங்கே குறைவே இல்லை. நெருக்கடியில் என்ன செய்யணும் என்ற ஒத்திகைதான் இல்லை.

அதிகாரம் இல்லாத அதிகாரி

இந்த மரணங்களின் அழுத்தத்தில்தான் அமெரிக்க நாடாளுமன்றம் 1910-ல் சுரங்கப் பணியகத்தை உருவாக்கியது. ஜூலை 1-ல் அது செயல்படத் தொடங்கியது. சில வாரங்கள் கழித்து அதிபர் டாஃப்ட், ஹோம்ஸை முதல் இயக்குநராக நியமித்தார்.

ஆனா சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை. சுரங்கங்களை ஆய்வு செய்யவோ மேற்பார்வையிடவோ பணியகத்துக்கு உரிமை கிடையாது என்று சட்டமே சொன்னது. அபராதம் போட முடியாது. ஆபத்தான சுரங்கத்தை மூடச் சொல்ல முடியாது. முதலாளி அனுமதித்தால்தான் உள்ளேயே நுழைய முடியும்.

ஹோம்ஸ் கையில் மிச்சம் இருந்தது இரண்டு: ஆராய்ச்சி, பயிற்சி. கட்டளையிட முடியாதவர், கற்றுக்கொடுக்கும் வேலையை முழுசா கையில் எடுத்தார்.

தண்டவாளத்தில் வந்த வகுப்பறை

சுரங்கத் தொழிலாளியைக் கல்லூரிக்குக் கூப்பிட முடியாது. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒருநாள் கூலி போச்சு. அதனால் பணியகம் பழைய புல்மன் ரயில் பெட்டிகளை வாங்கி மாற்றியமைத்தது. நிலக்கரி ஏற்ற எல்லா சுரங்கத்துக்கும் தண்டவாளம் இருந்தது இல்லையா? அதே பாதையில் பயிற்சிப் பெட்டி போய் நின்றது.

பெட்டியில் சுரங்கப் பொறியாளரும் முதலுதவி தெரிந்த பயிற்சியாளரும் இருப்பார்கள். ஆக்சிஜன் சுவாசக் கருவிகள், ஸ்ட்ரெச்சர், பாதுகாப்பு விளக்குகள், கூண்டில் கேனரி குருவிகள். நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு மனிதர்களைவிடக் குருவி முதலில் மயங்கிவிடும். அதுதான் அன்றைய அலாரம்.

பெட்டியின் ஒரு முனையில் காற்றுப் புகாத அறை ஒன்று இருந்தது. அதில் புகையையோ மூச்சடைக்கும் வாயுவையோ நிரப்புவார்கள். தொழிலாளி சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போகணும். நடக்கணும், சுமை தூக்கணும், அந்தக் கருவியை நம்பப் பழகணும். முதல்முறை பயம் வருவது இயல்பு. அந்தப் பயம் உண்மையான விபத்தில் வருவதைவிட, பக்கத்தில் பயிற்சியாளர் இருக்கும்போது வருவது நல்லது. இதுதான் இந்தப் பயிற்சியின் அடிப்படை.

முதலுதவியும் அப்படித்தான். ரத்தப்போக்கை நிறுத்துவது, உடைந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டுவது, செயற்கை சுவாசம் கொடுப்பது என எல்லாவற்றையும் தொழிலாளர்களே ஒருவருக்கொருவர் செய்து பார்த்தார்கள். டாக்டர் வரும்வரை காத்திருக்க முடியாத இடத்தில், பக்கத்தில் வேலை செய்பவர்தான் முதல் டாக்டர். பயிற்சி பெற்றவர்கள் தங்கள் சுரங்கத்தில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தொழிலாளர்களுக்காக எளிய மொழியில் சிறு வெளியீடுகளையும் பணியகம் அச்சிட்டது. மொழி புரியாதவருக்கு? செய்து காட்டுவதுதான் மொழி.

வெடிக்க வைத்தே காட்டினார்கள்

அந்தக் காலத்தில் பல சுரங்க உரிமையாளர்களும் தொழிலாளர்களும் ஒரு விஷயத்தை நம்பவே இல்லை. மீத்தேன் வாயு இல்லாமல், வெறும் நிலக்கரித் தூசு வெடிக்குமா என்பதுதான் சந்தேகம்.

பிட்ஸ்பர்க் அருகே புரூஸ்டன் என்ற இடத்தில் பணியகம் சோதனைக்காகவே ஒரு சுரங்கம் தோண்டியது. 1911 அக்டோபர் இறுதியில், வந்திருந்தவர்கள் வெளியே நின்று பார்க்க, உள்ளே தூசை வெடிக்க வைத்தார்கள். சுரங்க வாயிலிருந்து தீயும் புகையும் சீறி வந்ததைப் பார்த்த பிறகு வாதத்துக்கு இடமில்லை. தூசு மேல் கல்தூளைத் தூவினால் வெடிப்பு பரவாமல் தடுக்கலாம் என்பதும் இதே சுரங்கத்தின் சோதனைகளில் பிறகு உறுதியானது.

அதே நாட்களில் பிட்ஸ்பர்க்கின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் முதல் தேசிய சுரங்கப் பாதுகாப்பு செயல்விளக்கம் நடந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த முதலுதவிக் குழுக்கள் தங்கள் திறமையைக் காட்டின. பார்வையாளர்களில் அதிபர் டாஃப்டும் ஒருவர். சுரங்க மீட்புப் போட்டிகள் அமெரிக்காவில் இன்றும் நடக்கின்றன.

பலன் கிடைத்ததா?

1911 டிசம்பர் 9. டென்னசி மாநிலத்தின் பிரைஸ்வில் அருகே கிராஸ் மவுன்டன் சுரங்கத்தில் வெடிப்பு. பணியகத்தின் மீட்புக் குழுவினர் சுவாசக் கருவிகளுடன் உள்ளே போனார்கள். 84 பேர் இறந்துவிட்டார்கள். ஆனா, நச்சுக் காற்று வராதபடி தடுப்பு அமைத்து அதன் பின்னால் ஒளிந்திருந்த 5 பேர், இரண்டு நாள் கழித்து உயிருடன் மீட்கப்பட்டார்கள்.

84-க்கு முன்னால் 5 சின்ன எண்தான். அந்த 5 குடும்பங்களுக்கு அது சின்ன எண் இல்லை.

ஹோம்ஸ் ஓயாமல் பயணம் செய்தார். உடல் தாங்கவில்லை, காசநோய் வந்தது. 1915 ஜூலையில் டென்வர் நகரில் இறந்தபோது அவருக்கு வயது 55. அடுத்த ஆண்டே அவர் பெயரில் ஜோசப் ஏ. ஹோம்ஸ் பாதுகாப்புச் சங்கம் தொடங்கப்பட்டது.

செய்து காட்டி, செய்ய வைத்துக் கற்பிக்கும் முறை சுரங்கத்துக்கு வெளியிலும் வேகமெடுத்தது. முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களில் சார்லஸ் ஆலன் என்பவர் நான்கு படி முறையைக் கொண்டுவந்தார்: தயார்படுத்து, காட்டு, செய்ய வை, சோதித்துப் பார். இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கானோருக்கு இதன் அடிப்படையில்தான் பயிற்சி கொடுக்கப்பட்டது.

பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. ஹோம்ஸின் கதையில் கசப்பான பகுதி இதுதான். அவர் இறந்து 10 ஆண்டுகள் கழித்தும் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். தொழிலாளிக்கு ஆபத்து எதுவென்று தெரியும், ஆனா தூண் நிறுத்தக் கூலி கொடுக்காத முதலாளியை யார் கேட்பது? மத்திய ஆய்வாளர்கள் சுரங்கத்துக்குள் நுழையும் உரிமையே 1941-ல்தான் கிடைத்தது. 1968-ல் ஃபார்மிங்டன் சுரங்கத்தில் 78 பேர் இறந்த பிறகு, 1969-ல்தான் கடுமையான சட்டம் வந்தது. பயிற்சி, நல்ல கருவிகள், சட்டம், இயந்திரமயம் எல்லாம் சேர்ந்துதான் மரணங்களைக் குறைத்தன.

இந்தியாவிலும் சுரங்க வேலைக்கு வருபவர்களுக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் தொழிற்பயிற்சி விதிகள் 1966 முதல் உள்ளன. நெய்வேலி சுரங்கங்களுக்கும் அது பொருந்தும். ஆனா கட்டுமானத் தளத்திலும் சின்னப் பட்டறையிலும் இன்றைக்கும் பலர் முதல் நாளே நேராக வேலையில் இறங்குகிறார்கள். வேறு மாநிலத்திலிருந்து வந்தவருக்கு போர்டில் இருக்கும் மொழியே தெரியாமல் இருக்கலாம்.

அடுத்த முறை இண்டக்‌ஷன் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுப் பார்க்கலாம். தீயணைப்புக் கருவியின் பின்னைக் கையால் ஒருமுறையாவது இழுத்துப் பார்த்தோமா? ஆபத்து என்று தெரிந்தால் வேலையை நிறுத்தும் உரிமை நமக்கு உண்டா? முதல் கேள்விக்கு ஹோம்ஸ் பதில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டாவது கேள்விக்கான பதில் அவர் கையில் இல்லை. அது சட்டத்தின் கையிலும் நிர்வாகத்தின் கையிலும் இருக்கிறது.