போரில் ஜெயித்ததும் ராணுவத்தையே கலைத்தவர்... யார் இந்த ஹோசே ஃபிகெரெஸ்?

உள்நாட்டுப் போரில் ஜெயித்தவர்கள் பொதுவா முதலில் செய்வது, தங்கள் படையைப் பலப்படுத்துவதுதான். ஆனா, மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிகாவில் 1948-ல் நடந்தது அப்படியே தலைகீழ். போரில் ஜெயித்த தலைவரே ராணுவத்தை ஒழித்தார். இன்றுவரை அந்த நாட்டில் ராணுவம் கிடையாது. இது எப்படி சாத்தியமாச்சு?

விவசாயி டு தளபதி

1906-ல் சான் ரமோன் நகரில் பிறந்தவர் ஹோசே ஃபிகெரெஸ். பெற்றோர், ஸ்பெயினின் கட்டலோனியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். இளம் வயதில் அமெரிக்கா போனவர், 1928-ல் ஊர் திரும்பி மலைப்பகுதியில் நிலம் வாங்கினார். காபியும், கயிறு திரிக்க உதவும் கற்றாழையும் பயிரிட்டார். அந்தப் பண்ணைக்கு அவர் வைத்த பெயர், 'முடிவில்லாப் போராட்டம்'.

1942-ல் அதிபர் கால்டெரோனின் அரசை விமர்சித்து வானொலியில் பேசிக்கொண்டிருக்கும்போதே கைது செய்யப்பட்டு, மெக்சிகோவுக்கு நாடு கடத்தப்பட்டார். 1944-ல் திரும்பி வந்தவர், ஆயுதப் போராட்டத்துக்குத் தயாரானார்.

44 நாள் போர்

1948 பிப்ரவரியில் அதிபர் தேர்தல். மீண்டும் போட்டியிட்ட கால்டெரோனை, எதிர்க்கட்சி வேட்பாளர் ஒட்டிலியோ உலாட்டே தோற்கடித்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனா, நாடாளுமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்துவிட்டது. மார்ச் 12-ல் ஃபிகெரெஸின் படை போரில் இறங்கியது. 44 நாள் நீடித்த சண்டையில் சுமார் 2,000 பேர் இறந்ததாகச் சொல்லப்படுகிறது. சுமார் 8 லட்சம் பேர் மட்டுமே வாழ்ந்த நாட்டுக்கு இது பெரிய இழப்பு.

கோட்டைச் சுவரில் சுத்தியல்

மே மாதம் இடைக்கால அரசின் தலைவரானார் ஃபிகெரெஸ். டிசம்பர் 1-ம் தேதி தலைநகரில் உள்ள பெல்லாவிஸ்டா படை முகாமின் சுவரை சுத்தியலால் அடித்து, ராணுவம் கலைக்கப்படுவதாக அறிவித்தார். பாதுகாப்புக்கு போலீஸ் போதும் என்றார். அந்தக் கட்டடம் இன்று தேசிய அருங்காட்சியகம்.

இதில் லட்சியம் மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. இருந்த ராணுவம் தோற்ற தரப்பின் ராணுவம். அதை விட்டுவைத்தால் நாளைக்கு தன் ஆட்சியையே கவிழ்க்கலாம்.

10 நாளிலேயே சோதனை வந்தது. கால்டெரோனின் ஆதரவாளர்கள் நிகரகுவாவிலிருந்து எல்லை தாண்டி நுழைந்தார்கள். ஃபிகெரெஸ், அமெரிக்க நாடுகளின் அமைப்பிடம் முறையிட்டார். அந்த அமைப்பு தலையிட, மோதல் அடங்கியது. 1955-லும் இதேபோல ஊடுருவல், இதே வழியில் தீர்வு. ராணுவத்தின் இடத்தை சர்வதேச ஒப்பந்தம் நிரப்பியது.

கறை படிந்த பக்கம்

அவர் ஆட்சி சுத்தமானதாகவும் இல்லை. கம்யூனிஸ்ட் கட்சி தடை செய்யப்பட்டது. எதிராளிகள் பலர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1948 டிசம்பரில், காவலில் இருந்த 6 கைதிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அப்புறம் அமைதி நிலைத்தது எப்படி?

முதல் காரணம், எதிரி கொண்டுவந்தது என்பதற்காக நல்ல சட்டங்களை அவர் தூக்கி எறியவில்லை. கால்டெரோன் காலத்து சமூகப் பாதுகாப்புத் திட்டமும், தொழிலாளர் சட்டமும் தொடர்ந்தன. 

இரண்டாவது, 1949 அரசியலமைப்பு. போருக்குக் காரணமே தேர்தல் தகராறு என்பதால், தேர்தலை நடத்த தனி தீர்ப்பாயம் உருவானது. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. நிரந்தர ராணுவம் கூடாது என்பது 12-வது பிரிவானது.

மூன்றாவதுதான் முக்கியம். 1949 நவம்பரில், தேர்தலில் ஜெயித்த உலாட்டேவிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டு விலகினார். பிறகு கட்சி தொடங்கி, 1953 தேர்தலில் ஜெயித்து அதிபரானார். 1958-ல் அவர் கட்சி வேட்பாளர் தோற்றபோதும் ஆட்சி அமைதியாகக் கைமாறியது. நாடு திரும்பிய கால்டெரோன், 1962-ல் அதிபர் தேர்தலிலேயே போட்டியிட முடிந்தது.

1970 முதல் 1974 வரை மீண்டும் அதிபராக இருந்த ஃபிகெரெஸ், 1990 ஜூன் 8-ல் காலமானார். அப்போது அதிபர் நாற்காலியில் இருந்தவர், கால்டெரோனின் மகன். 1994-ல் அவரிடமிருந்து பதவியைப் பெற்றுக்கொண்டவர், ஃபிகெரெஸின் மகன். அப்பாக்கள் துப்பாக்கியோடு மோதிய நாட்டில், மகன்களிடையே பதவியைக் கைமாற்றியது வாக்குச்சீட்டு.