நீரரண் அறிந்த இரகுநாத நாயக்கர்

நாட்டிற்கு அரணாவன நீரும் நிலமும் மலையும் காடும் என வள்ளுவனார் வகுத்தார். நம் சோணாட்டிலோ மலையில்லை, பெருங்காடும் இல்லை. காவிரியும் கடலுமே இதன் அரண்கள். இவ்வுண்மையைத் தெளிந்து வாகை சூடிய தஞ்சை இரகுநாத நாயக்கரின் வரலாற்றை, நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் மக்கட்கும் ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

இவர் செவ்வப்ப நாயக்கரின் பேரர். அச்சுதப்ப நாயக்கரின் மைந்தர். 1600 முதல் 1634 வரை ஆண்டார். கோவிந்த தீட்சிதர் இவர்தம் அமைச்சர். தெலுங்கில் இராமாயணம் பாடிய புலவர், வீணையிலும் வல்லவர். எனினும் ஏடும் இசையும் மட்டுமே இவர் பெருமையெனக் கொள்ளற்க.

கொள்ளிடம் கடலொடு கலக்குமிடத்துத் தீவொன்றில் சோழகன் என்னும் தலைவன் அரண் செய்திருந்தான். நாற்புறமும் நீர் சூழ்ந்தமையின் யானையும் குதிரையும் அவனை அணுகுதல் அரிதாயிற்று. ஆற்றுமுகம் பகைவன் கையதாக, உள்நாட்டு வயல்கள் அமைதியுறா என உணர்ந்த இரகுநாதர், அத்தீவின்மேற் சென்று அவனைச் சிறைப்படுத்தினார்.

1614-இல் வேங்கடபதி தேவராயர் இறந்தபின் விசயநகர அரியணைக்குப் பூசல் எழுந்தது. சக்கராயன் அரச குடும்பத்தாரைக் கொல்ல, எஞ்சிய இளவரசர் இராமதேவரை யாசம நாயக்கர் காத்தார். இரகுநாதர் இளவரசர் பக்கம் நின்றார்; மதுரை, செஞ்சி நாயக்கர்கள் சக்கராயனொடு கூடினர். 1616-ஆம் ஆண்டளவில் இருபடையும் கல்லணையை அடுத்த தோப்பூரிற் பொருதன.

அவ்விடத்தின் சிறப்பு யாதெனின், கொள்ளிடத்தின் படுகை காவிரியினும் தாழ்ந்தது. அணை இல்லையேல் காவிரிநீர் கொள்ளிடத்தில் வீழ்ந்து வீணே கடல் சேரும். தஞ்சைக் கழனிகள் கரம்பாகும். அணையைப் பற்றியவன் தஞ்சையின் உயிர்நிலையைப் பற்றியவனாவான். பகைவர் அவ்வணையை உடைத்தனர் என இரகுநாதரின் அவைக்காப்பியம் கூறும். சக்கராயன் களத்தில் மடிந்தான், சோணாடு பிழைத்தது.

இனிக் கடல்வாயிலை நோக்குவோம். நாகப்பட்டினத்தில் போர்த்துக்கேயர் ஓங்கியிருந்த காலம் அது. அவர்க்கு எதிரிடையாக வேறொரு வணிகக் கூட்டம் இருத்தல் நலமென எண்ணினார் போலும். 1620 நவம்பரில் டேனியர் தலைவர் ஓவே ஜெட்டேயுடன் உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடந்தந்தார். தஞ்சை வலிமையுற்றிருந்த நாளில் அது தக்க சூழ்ச்சியே. பின்வந்தோர் வலிகுன்றவே, வாயில் பிறர் வசமாயிற்று. 1749-இல் ஆங்கிலேயர் கொள்ளிடத்து முகத்திலுள்ள தேவிக்கோட்டையைக் கைப்பற்றினர். 1845-இல் டேனியர் தரங்கம்பாடியை ஆங்கிலேயர்க்கு விற்றனர். சோணாட்டு மண்ணை அயலார் ஒருவர் மற்றோர் அயலார்க்கு விலைபேசிய அவலத்தை என்னென்பது!

அன்பர்காள்! விடுமுறையில் மக்களை அழைத்துச் சென்று டேனியக் கோட்டையைக் காட்டுகின்றோம், நன்று. அத்துடன் நம் ஊர் வாய்க்கால் எந்த ஆற்றிற் பிரிகின்றது, எந்த வடிகாலில் முடிகின்றது என்றும் அவர்க்குக் காட்டுவோமாக. வாய்க்காலைத் தூர்த்து மனை வகுப்பதும் அரணை இடிப்பதே. தன் நிலத்தின் மேடுபள்ளம் அறியாதான் அதனைக் காத்தல் யாங்ஙனம்?