சுமந்தவரைச் சுமந்த கைகள்

காஷுவாலிட்டி டியூட்டி பார்க்காதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஸ்ட்ரெச்சர் நம்மைத் தேடி வருவது வழக்கம். ஸ்ட்ரெச்சரும் டாக்டரும்தான் காயம்பட்டவனைத் தேடிப் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒரு சர்ஜனை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தமே. அவர்தான் டொமினிக் லாரே.

பிரான்சில், பிரனீஸ் மலைப்பகுதிக் கிராமம் ஒன்றில் 1766-ல் பிறந்தவர். சிறுவயதிலேயே தந்தையை இழந்து, துலூஸ் நகரில் சர்ஜனாயிருந்த உறவினரிடம் வளர்ந்து தொழில் கற்றார். 1792-ல் ரைன் படையில் சேர்ந்தவர், அங்கே கண்டதைப் பார்த்து நொந்துபோனார். ஆம்புலன்ஸ் வண்டிகள் போர்முனைக்குச் சுமார் 4 கிலோமீட்டர் பின்னால்தான் நிற்கவேண்டும் என்பது விதி. சண்டை ஓய்ந்த பிறகே காயம்பட்டவர்களைத் தேடுவார்கள். அதற்குள் ஒரு நாள், ஒன்றரை நாள்கூட ஆகிவிடும். ரத்தம் அதுவரை காத்திருக்குமா? குதிரைகள் பீரங்கியையே இழுத்துக்கொண்டு பறக்கும்போது வைத்தியம் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும் என்று யோசித்தார் மனுஷன்.

அப்படிப் பிறந்தது பறக்கும் ஆம்புலன்ஸ். 1797-ல் இத்தாலியில் அது முழு வடிவம் பெற்றது. சமவெளிக்கு இரண்டு சக்கர வண்டி, மேடுபள்ளத்துக்கு நான்கு சக்கர வண்டி. உள்ளே மெத்தை தைத்த அடிப்பலகை, சிறு உருளைகள்மேல் வழுக்கி வெளியே வரும். அதன் நான்கு இரும்புக் கைப்பிடிகளில் வீரர்கள் தங்கள் இடைக்கச்சைகளைக் கோத்துத் தூக்கினால், அதுவே ஸ்ட்ரெச்சர்! எகிப்தியப் படையெடுப்பின்போது ஒட்டகத்தின் இருபுறமும் நீளமான கூடைகளைக் கட்டி ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்.

யாரை முதலில் கவனிப்பது? காயம் கடுமையானவனை. அவன் ஜெனரலா சிப்பாயா, நம்மவனா எதிரியா என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தஸ்து பார்த்த அந்தக் காலத்தில் இது லேசான காரியமில்லை.

1812 ரஷ்யப் போர். போரோடினோவில் 24 மணி நேரத்தில் சுமார் 200 பேருக்குக் கை கால் அகற்றும் அறுவை செய்தார். படை பின்வாங்கியபோது பெரசினா ஆற்றுப் பாலத்தில் பயங்கர நெரிசல். அறுவைக் கருவிகளுக்காகத் திரும்பிப்போன லாரே கூட்டத்தில் மாட்டிக்கொண்டார். சிப்பாய்கள் ஆளைத் தெரிந்துகொண்டார்கள். தங்கள் உயிரே ஊசலாடும் அந்த நேரத்தில், அவரைத் தலைக்குமேல் தூக்கிக் கைமாற்றிக் கைமாற்றி அக்கரை சேர்த்தார்கள்.

1815-ல் வாட்டர்லூவில் பிரஷ்யர்களிடம் பிடிபட்டார். சுட்டுவிட உத்தரவும் ஆயிற்று. பெர்லினில் இவரிடம் பாடம் கேட்டிருந்த ஒரு சர்ஜன் அடையாளம் கண்டு தடுத்தார். பிரஷ்யத் தளபதி ப்ளூஷரின் மகனை முன்பொரு சமயம் காப்பாற்றியவரும் இவரே. எதிரி என்று பாராமல் செய்த வைத்தியம் வீண்போகவில்லை.

தாம் அறிந்தவர்களிலேயே ஒழுக்கத்தில் சிறந்தவர் என்று இவரைத் தம் உயிலில் குறிப்பிட்ட நெப்போலியன், ஒரு லட்சம் பிராங்க் எழுதிவைத்தார். லாரே 1842-ல் லியோன் நகரில் காலமானார். 150 ஆண்டுகள் கழித்து, 1992-ல், அவரது உடல் பாரிஸ் இன்வாலிட் வளாகத்தில் மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டது.

நண்பர்களே, பட்டம் வாங்கி எத்தனை வருஷமானாலும் அவரிடம் நாம் படிக்கவேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஆள் யார் என்று விசாரிப்பதெல்லாம் அப்புறம். முதலில் தூக்குவோம்.