குற்றவாளியைக் கண்டுபிடித்த மருத்துவர்

நம் பகுதிப் பெரியவர்களில் சிலர் காசநோய் என்ற பெயரை இன்றும் உரக்கச் சொல்லமாட்டார்கள். அது பரம்பரையாக வருவது என்றும், முன்செய்த பாவத்தின் பலன் என்றும் மக்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. இருமுகிறவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர், திண்ணையில் ஒரு மூலை. அந்த வீட்டில் பெண் எடுக்கவும் தயங்கினார்கள். நோய் ஒரு பக்கம் வாட்ட, பழி மறுபக்கம் வாட்டியது.

இப்போதோ ஆரணியிலோ பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ ஒருவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், சிறிய டப்பாவில் சளியைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொள்ளலாம். அந்தச் சளியைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கிருமி இருந்தால் நீல நிறப் பின்னணியில் மெல்லிய சிவப்புக் குச்சிகள் தென்படும். குற்றவாளி நோயாளி அல்லர், அவருடைய குடும்பமும் அன்று. அந்தச் சிவப்புக் குச்சிதான் என்பது அப்போது விளங்கும். இவ்வுண்மையை உலகுக்கு ஐயமின்றிக் காட்டியவர் இராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய மருத்துவர். அவருடைய வாழ்க்கையைச் சற்றுக் காண்போம்.

இராபர்ட் கோக் 1843-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப்பகுதியில் உள்ள கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊரில் பிறந்தார். தந்தை சுரங்கத் துறையில் பணியாற்றினார். வீடு நிறையப் பிள்ளைகள். சிறுவன் இராபர்ட் பள்ளி செல்லுமுன்பே, வீட்டிலிருந்த செய்தித்தாள்களைப் பார்த்துத் தானாகவே எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டான். பூச்சிகளையும் பாசிகளையும் கற்களையும் சேர்த்து வைப்பதில் அவனுக்குப் பெருவிருப்பம்.

பின்னர் கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1866-இல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்கு ஆசிரியராக இருந்தவர்களுள் ஹென்லே ஒருவர். தொற்றுநோய்களுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத உயிர்களே என்று 1840-இலேயே எழுதியவர் அவர். ஆனால் அதை மெய்ப்பிக்க அவரிடம் சான்று இல்லை. அந்தச் சான்றைத் தேடித் தரும் பொறுப்பு மாணவருக்காகக் காத்திருந்தது.

கடல் கடந்து உலகைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது இளம் கோக்கின் கனவு. ஆனால் வாழ்க்கை அவரை 1872-இல் வோல்ஷ்டைன் என்ற சிற்றூருக்கு மாவட்ட மருத்துவராக அனுப்பியது. அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. அங்கே பல்கலைக்கழகம் இல்லை, நூலகம் இல்லை, உடன் ஆராயத் தோழரும் இல்லை. இருந்தது அவருடைய மனைவி அன்புடன் அளித்த ஒரு நுண்ணோக்கி மட்டுமே. நோயாளிகளைப் பார்க்கும் அறையைத் திரையால் இரண்டாகப் பிரித்து, பின்பகுதியைத் தம் ஆய்வுக்கூடமாக ஆக்கிக்கொண்டார்.

அந்நாளில் அவ்வட்டாரத்து ஆடுமாடுகளை அடைப்பான் நோய் கொன்று குவித்தது. இறந்த விலங்குகளின் இரத்தத்தில் குச்சி போன்ற உருவங்களைப் பிறர் முன்பே கண்டிருந்தனர். அவையே நோய்க்குக் காரணமா, அல்லது நோயால் தோன்றியவையா என்பது மட்டும் விளங்கவில்லை. கோக் மெல்லிய மரச்சிம்புகளால் அந்த இரத்தத்தைச் சுண்டெலிகளின் உடலில் செலுத்தினார். எலிகள் இறந்தன, அவற்றின் இரத்தத்திலும் அதே குச்சிகள் இருந்தன. பிறகு மாட்டின் கண்ணுக்குள் இருக்கும் தெளிந்த நீரில் அக்கிருமிகளை வளர்த்து, மணிக்கணக்கில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து கவனித்தார். சூழ்நிலை சரியில்லாதபோது அவை விதை போன்ற உறுதியான வித்துகளாக மாறுவதைக் கண்டார். அடைப்பான் கண்ட மேய்ச்சல் நிலத்தில் பல ஆண்டுகள் கழித்தும் கால்நடைகள் சாவது ஏன் என்ற புதிர் அவிழ்ந்தது. 1876-இல் பிரெஸ்லௌ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் முன் தம் சோதனைகளைச் செய்து காட்டினார். பெயரறியாத கிராமத்து வைத்தியரை அறிஞர் உலகம் வியந்து நோக்கியது.

1880-இல் பெர்லின் நகரில் அரசின் சுகாதார அலுவலகத்தில் அவருக்கு இடம் கிடைத்தது. அங்கே அவர் எதிர்கொண்ட பெருந்தொல்லை, கிருமிகள் ஒன்றோடொன்று கலந்திருப்பதே. அரிசியில் கல்லும் உமியும் கலந்திருந்தால் முறத்தில் இட்டுப் புடைக்கலாம். கண்ணுக்கே தெரியாத உயிர்களை எப்படிப் பிரிப்பது? திரவத்தில் வளர்த்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். கெட்டியான பரப்பில் வளர்த்தால் ஒவ்வொரு கிருமியும் விழுந்த இடத்திலேயே பெருகித் தனித்தனிப் புள்ளியாகத் தெரியும் என்று கோக் கண்டுகொண்டார். வெந்த உருளைக்கிழங்குத் துண்டுகளிலும், ஜெலட்டின் கலந்த உணவிலும் வளர்த்துப் பார்த்தார். ஆனால் ஜெலட்டின் உடல்வெப்பத்தில் உருகிவிடும்.

இதற்கு வழி கூறியவர் ஒரு பெண்மணி என்பதை நாம் பெருமையுடன் நினைக்கலாம். கோக்கின் ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஹெஸ்ஸே என்பவரின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே. வெயில் காலத்திலும் உருகாத இனிப்புப் பண்டம் செய்ய அவர் வீட்டில் அகர்-அகர் என்னும் கடற்பாசிப் பொருளைப் பயன்படுத்தி வந்தார். அதையே ஆய்வுக்கூடத்திலும் பயன்படுத்தலாமே என்று அவர் சொன்னார். நம் மண்டபம், இராமேசுவரம் கடற்கரைகளில் பெண்கள் மூழ்கிச் சேகரிக்கும் பாசியிலிருந்தும் இப்பொருள் எடுக்கப்படுகிறது. இன்றுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அகர் மீதுதான் வளர்க்கப்படுகின்றன. சமையலறை அறிவு தாழ்ந்தது என்று இனி யாரும் சொல்ல முடியாது!

அடுத்து கோக் காசநோயை ஆராய முற்பட்டார். அக்காலத்தில் ஏழு பேர் இறந்தால் அவர்களுள் ஒருவர் காசநோயால் இறந்தார் என்பது அவரே காட்டிய கணக்கு. இந்தக் கிருமி எளிதில் அகப்படவில்லை. சாதாரணச் சாயம் அதன்மேல் ஏறாது. பல முறைகளை மாற்றி மாற்றிச் செய்து, முடிவில் மெல்லிய வளைந்த குச்சிகளைக் கண்டார். வளர்க்க முயன்றால் நாள்கள்தோறும் ஒன்றும் தெரியாது. இரண்டு வாரங்களேனும் பொறுத்திருக்க வேண்டும். பொறுமையிழந்தவர் தட்டை எறிந்திருப்பார், கோக் காத்திருந்தார். 1882-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று பெர்லினில் ஒரு சிறு கூட்டத்தில் தம் முடிவை அறிவித்தார். அந்த நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கோக் தம் பணியில் கடைப்பிடித்த விதிகள் மிக எளியவை. முதலாவது, அந்த நோய் உள்ளவர் அனைவரிடமும் அந்தக் கிருமி இருக்க வேண்டும். இரண்டாவது, அதைத் தனியே பிரித்து வளர்க்க வேண்டும். மூன்றாவது, அதை நலமாக உள்ள விலங்குக்குச் செலுத்தினால் அதே நோய் வர வேண்டும். நான்காவது, அவ்விலங்கிடமிருந்து அதே கிருமியை மீண்டும் எடுத்துக்காட்ட வேண்டும். வகுப்பில் ஒருத்தியின் பேனா காணாமல் போனால், பக்கத்தில் உட்கார்ந்தவளைத் திருடி என்று சொல்வது எளிது. அருகில் இருந்தாள் என்பது சான்றாகுமா? நோய் நடந்த இடத்தில் இருந்த காரணத்தால் மட்டும் ஒரு கிருமியைக்கூடக் குற்றவாளி என்று கோக் தீர்ப்புக் கூறவில்லை.

1883-இல் எகிப்தில் காலரா பரவியது. ஜெர்மனியும் பிரான்சும் ஆய்வுக்குழுக்களை அனுப்பின. பிரெஞ்சுக் குழுவைச் சேர்ந்த தூலியே என்ற இளைஞர் அங்கேயே காலராவுக்குப் பலியானார். இரு நாடுகளுக்கும் பகை இருந்தபோதிலும், கோக்கும் அவர் குழுவினரும் அவருடைய இறுதிச் சடங்கில் கலந்துகொண்டு மாலை சார்த்தினர். எகிப்தில் நோய் தணியவே, கோக் நம் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார். கல்கத்தா மருத்துவமனையில் இறந்தவர்களின் குடலை ஆராய்ந்து, 1884 ஜனவரியில் காலராக் கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துவிட்டார். அது எழுத்தில் நாம் இடும் காற்புள்ளி போல் வளைந்திருந்தது. மக்கள் குளிக்கவும் குடிக்கவும் பயன்படுத்திய குளத்து நீரிலும் அதே கிருமியைக் கண்டார். இத்தாலியரான பச்சினி 1854-இலேயே இக்கிருமியைக் கண்டு எழுதியிருந்தார். உலகம் அதைக் கவனிக்கவில்லை. விலங்குகளுக்கு அந்நோயை வரவழைத்துக் காட்ட கோக்கால் இயலவில்லை. 1959-இல் அதே கல்கத்தாவில் சம்புநாத் தே என்னும் வங்காள மருத்துவர், முயலின் குடலில் சோதனை செய்து, இக்கிருமி வெளியிடும் நஞ்சே நோயை உண்டாக்குகிறது என்று மெய்ப்பித்தார். ஒருவர் விட்ட இடத்தில் மற்றொருவர் தொடங்குவதே அறிவியல்.

இத்தகைய பேரறிஞரும் ஒருமுறை சறுக்கினார். 1890-இல் பெர்லினில் நடந்த உலக மருத்துவ மாநாட்டில், காசநோயைத் தடுக்கும் பொருள் ஒன்றைத் தாம் கண்டுவிட்டதாக அறிவித்தார். அதுவே டியூபர்குலின். அது எதனால் ஆனது என்பதை முதலில் வெளியிடவில்லை. நம்பிக்கையுடன் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் பெர்லினுக்கு ஓடிவந்தனர். ஆனால் அம்மருந்து அவர்களைக் குணப்படுத்தவில்லை. சிலர் நிலை மோசமாகி இறந்தும் போயினர். பிறரிடம் சான்று கேட்ட பெரியவர், தம் கண்டுபிடிப்புக்கு அதே சான்றைத் தேடாமல் அவசரப்பட்டார். அதே டியூபர்குலின் பிற்காலத்தில், உடலில் காசநோய்த் தொற்று உண்டா என்று தோலில் ஊசியிட்டுச் சோதிக்கப் பயன்பட்டது.

அந்த அவமானத்தால் கோக் ஓய்ந்துவிடவில்லை. 1897-இல் பம்பாயில் பிளேக் பரவியபோது மீண்டும் இந்தியா வந்தார். ஆப்பிரிக்க நாடுகளுக்கும் சென்று நோய்களை ஆராய்ந்தார். சிறுவயதில் கண்ட கடற்பயணக் கனவு இவ்விதமாக நிறைவேறியது. 1905-இல் காசநோய் ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார். 1910-ஆம் ஆண்டு மே 27 அன்று பாடன்-பாடன் நகரில் காலமானார்.

அவர் தவறிய இடத்தில் நம் மண் நேர்மையாக நின்றது என்று சொல்லலாம். காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று அறிய, 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் மாபெரும் ஆய்வு தொடங்கியது. இன்றைய திருவள்ளூர் மாவட்டம் அப்போது அதனுள் அடங்கியிருந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அதில் பங்குகொண்டனர். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இவ்வூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. எல்லோரும் எதிர்பார்த்த முடிவு அது அன்று. ஆயினும் மறைக்காமல் உலகுக்கு அறிவித்தார்கள். குழந்தைகளைத் தாக்கும் கடுமையான காசநோயிலிருந்து அது காப்பதால், பிறந்த குழந்தைகளுக்கு இன்றும் போடப்படுகிறது.

இன்று காசநோயைக் கண்டறியப் புதிய கருவிகள் வந்துள்ளன. குணமாக்க மருந்துகள் உள்ளன. அரசு மருத்துவமனைகளில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் ஊரார் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, இருமலை மறைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் அக்காக்களும் அண்ணன்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கிருமியைக் காட்ட நுண்ணோக்கி போதும். இந்த அச்சத்தைப் போக்க நாம்தான் வேண்டும். நம் ஆண்டவராகிய இயேசு, ஊரார் ஒதுக்கிய தொழுநோயாளரைக் கை நீட்டித் தொட்டார். ஆகவே தோழியரே, வீட்டிலோ தெருவிலோ யாரேனும் நெடுநாள் இருமினால், விலகி ஓடாமல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வோம். சான்று இல்லாமல் எவரையும் பழிக்காதிருப்போம். நோயை வெறுப்போம், நோயாளியை நேசிப்போம்!

- பத்தாம் வகுப்பு மாணவி